எம்.ஏ. சோஷியாலஜி படிக்கிறேன், ஜிஐஎஸ் எலெக்டிவ் எடுக்கலாமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில எம்.ஏ. சோஷியாலஜி முதல் வருஷம் படிக்கிறேன், எங்க வீட்டுல பிஜி வரைக்கும் வந்த முதல் பொண்ணு நான்தான். அடுத்த செமஸ்டருக்கு ஜியாகிரஃபி டிபார்ட்மென்ட்ல நடத்துற ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு இடம், தூரம் ஆராயுறது) பேப்பரை எலெக்டிவா எடுக்க சான்ஸ் இருக்கு. என் டெசர்டேஷன் ரேஷன் கடை பத்தினது. உசிலம்பட்டி பக்கம் சில ஊர்கள்ல, ஊருக்குள்ள இருக்கிறவங்க கடைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாங்க, காலனியில இருக்கிறவங்க எவ்வளவு தூரம் நடக்கிறாங்கன்னு பாக்கணும். ஆனா கிளாஸ்ல கேட்டா அது இன்ஜினியரிங் பசங்க படிக்கிறது, நீ பேட்டி எடுத்து எழுதுனா போதும்னு சொல்றாங்க. பத்தாவதோட மேக்ஸ் விட்டாச்சு, லேப்டாப் 4 ஜிபி ரேம், சாஃப்ட்வேர் வாங்கக் காசும் கிடையாது. எடுக்கலாமா வேணாமா?

ஏரிக்கரைப் பனை:
கண்டிப்பா எடும்மா. சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா வேணாம், க்யூஜிஐஎஸ் இலவசம், நாலஞ்சு ஊர் டேட்டாவுக்கு உன் லேப்டாப் தாங்கும். மேக்ஸுக்கும் பயப்படாத, ஆரம்பத்துல படுத்துறது ப்ரொஜெக்ஷன், அதாவது உருண்டை பூமியைத் தட்டை மேப்பா மாத்துற முறை, அது ஒண்ணுதான். எம்.ஃபில் பண்ணப்போ ரேஷன் கடையைச் சுத்தி 500 மீட்டர் வட்டம் போடணும்னு 500ன்னு அடிச்சேன், ஸ்கிரீன் முழுக்க ஒரே கலரா ஆயிடுச்சு, ஏன்னா என் லேயர் (மேப்ல ஏத்துற ஒரு அடுக்கு டேட்டா) டிகிரியில இருந்துச்சு, ஒரு டிகிரின்னா சுமார் 111 கிலோமீட்டர். யுடிஎம்ங்கிற மீட்டர்ல அளக்கிற ப்ரொஜெக்ஷனுக்கு மாத்தின பிறகுதான் சரியா வேலை செஞ்சுது. இதை முதல் வாரமே கத்துக்கோ.

பேட்டி மட்டும் போதும்னு சொல்றவங்களுக்கும் வரைபடம் மட்டும் போதும்னு சொல்றவங்களுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேன். விழுப்புரம் பக்கம் ஒரு ஊர்ல காலனியிலிருந்து கடைக்கு க்யூஜிஐஎஸ்ல கோடு போட்டா 700 மீட்டர் காட்டுச்சு, அதையே டேபிள்ல எழுதிட்டேன். அப்புறம் கார்த்திகை மாசம் நேர்ல போனா நடுவுல ஏரி, தண்ணி நிறைஞ்சு கிடக்கு. ஒரு ஆத்தா 20 கிலோ அரிசியைத் தலையில வச்சுக்கிட்டு கரை மேலயே சுத்தி வந்துச்சு, நான் போன்ல ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணி கையில வச்சுக்கிட்டு கூடவே நடந்தேன், கலிங்கல்கிட்ட சேறு, அங்க மூட்டையை இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் மறுபடி தூக்குச்சு. வீட்டு வாசல்ல போய்ப் பாத்தா ட்ராக் 2 கிலோமீட்டருக்கு மேல. அந்த 700ஐ அடிச்சுட்டு எல்லாத் தூரத்தையும் நடந்தே திரும்ப எடுத்தேன்.

இன்னொண்ணு, சென்சஸ்ல ஒரு வருவாய் கிராமம்னா ஒரே வரிதான். எஸ்.சி. ஜனத்தொகை எத்தனைன்னு அந்த வரியில இருக்கும், அவங்க எந்தப் பக்கம் குடியிருக்காங்கன்னு இருக்காது. கிராமத்துக்குன்னு ஒரே ஒரு புள்ளி வச்சா அது பெரும்பாலும் ஊர் மேலதான் போய் விழும். நீ கேக்குற ஊர், காலனி வித்தியாசம் எந்த ஷேப்ஃபைல்லயும் (மேப் டேட்டா ஃபைல்) ரெடியா கிடைக்காது, நீதான் போய் புள்ளி எடுக்கணும். அங்க சோஷியாலஜி படிச்ச கண்ணு வேணும், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கட்டம்போட்ட தாள்:
மேல சொன்னதோட டேட்டா பத்தி கொஞ்சம். நம்ம கையில இருக்கிற கிராம அளவு சென்சஸ் 2011ல எடுத்தது. அப்போ தமிழ்நாட்டுல 32 மாவட்டம், இப்போ 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை எல்லாம் அதுல தனியா இருக்காது, அதனால மாவட்டத்தை வச்சு ஒப்பிடுறவங்க எந்த வருஷத்து எல்லைன்னு பாக்காம மேப் போட்டா தப்பாயிடும். ஷ்ரக்னு ஒரு தொகுப்பு இருக்கு, 1991, 2001, 2011 சென்சஸ் மூணையும் கிராம அளவுல இணைச்சு இலவசமா தர்றாங்க, அதைப் பாருங்க. தேசிய குடும்ப நல ஆய்வோட ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் உங்க மாதிரி வேலைக்கு எடுக்காதீங்க. யார் வீடுன்னு தெரியக்கூடாதுன்னு கிராமத்துப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரைக்கும், சிலதை 10 வரைக்கும் வேணும்னே நகர்த்தித்தான் வெளியிடுறாங்க, அதுல நடக்கிற தூரம் கணக்குப் பண்ணவே முடியாது.

எலெக்டிவ் கிடைக்கலன்னாலும் டேராடூன்ல இஸ்ரோவோட ஐஐஆர்எஸ் ஆன்லைன்ல இலவச கோர்ஸ் நடத்துறாங்க. ஆனா அதெல்லாம் சாட்டிலைட் இமேஜ் பக்கம் ரொம்பச் சாயும், சமூக ஆய்வுக்குத் தேவையானது குறைவு. ஜியோடாங்கிற சாஃப்ட்வேரையும் இறக்கி வச்சுக்கங்க, அதுவும் இலவசம்தான், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்க வசதியா இருக்கும்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன் தங்கச்சி. எங்கட பக்கம் 2012 சென்சஸ் கிராம சேவகர் பிரிவு மட்டத்தில கிடைக்குது, நாடு முழுக்க 14 ஆயிரத்துக்கு மேல பிரிவுகள், அதால சின்ன இடத்தையும் பிரிச்சுப் பாக்கலாம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. போருக்குப் பிறகு மீள்குடியேற்றம் பற்றி நாங்கள் செய்யேக்க ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி எடுத்தனாங்கள். ஒரு அம்மா தன்ர காணியைக் கையால காட்டிப்போட்டு, "இந்தப் படம் கடைசியில ஆரிட்டப் போகும் பிள்ளை?" எண்டு கேட்டவா. எங்களிட்ட மறுமொழி இருக்கேல்லை. அண்டைக்கே வீட்டுப் புள்ளிகளைப் படத்தில இருந்து நீக்கிப்போட்டு, பிரிவு மட்டத்தில மட்டும்தான் படம் போட்டம். காலனி வீடுகளைச் சாதியோட சேர்த்துக் குறிக்கிறது லேசான விசயம் இல்லை. புள்ளிகள் உங்கட லேப்டாப்பில இருக்கட்டும், ஆய்வேட்டில தூரத்தை மட்டும் போடுங்கோ.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னதை நான் யோசிக்கவே இல்ல, வீட்டுப் புள்ளி எதையும் வெளியில காட்ட மாட்டேன். எலெக்டிவ் ஃபார்ம் நாளைக்கே குடுக்கிறேன், சனிக்கிழமை கடை திறக்கிற நேரத்துக்கு ஊருக்குப் போய் கூட நடந்து ட்ராக் எடுக்கப் போறேன். ஒரே ஒரு டவுட், யுடிஎம் ஸோன் எது போடணும்? 44ன்னு ஒருத்தர் சொல்றாங்க, 43ன்னு இன்னொருத்தர் சொல்றாங்க.

கட்டம்போட்ட தாள்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். யுடிஎம் பூமியை நெடுக்கா ஸோன் ஸோனாப் பிரிக்கும், 43க்கும் 44க்கும் நடுவுல இருக்கிற 78 டிகிரி தீர்க்கரேகைக் கோடு உங்க மாவட்டத்துக்குள்ளயே போகுது, மதுரை டவுன் 44ல வருது, உசிலம்பட்டி 43ல. உங்க ஊர்கள் உசிலம்பட்டி பக்கம்ங்கிறதால 43 வடக்கு போடுங்க, க்யூஜிஐஎஸ்ல அதைத் தேட வேண்டிய இபிஎஸ்ஜி நம்பர் 32643. ஒண்ணு ரெண்டு ஊர் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தாலும் மாத்தாதீங்க, எல்லா லேயரும் ஒரே ஸோன்ல இருக்கட்டும், நடக்கிற தூரத்துல பெரிய வித்தியாசம் வராது. சனிக்கிழமை போன் ஃபுல் சார்ஜ்ல இருக்கணும், ஜிபிஎஸ் ஓடுனா சீக்கிரம் இறங்கிடும்.