ஒரே ஆர்டரில் பல லாட்டுகள்: மைஎஸ்க்யூஎல் டெட்லாக்கிற்கு வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் உள்ள ஒரு தோல் வணிகருக்காக, பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் கொண்டு இருப்புக் கணக்குச் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். ஆம்பூர் அலுவலகத்திலும் ராணிப்பேட்டைக் கிடங்கிலும் ஒரே நேரத்தில் ஆர்டர்கள் பதிவாகும். 500 சதுர அடி மட்டுமே மீதமுள்ள ஒரு லாட்டை (ஒரே தொகுதித் தோலை) இருவருக்கும் ஒதுக்கிவிட்டால் ஏற்றுமதிக் கெடு தவறிவிடும் என்பதால், முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ கட்டளை மூலம் அந்த லாட்டின் ரோவை (அட்டவணையின் வரியை) மற்றவர் மாற்றாதபடி பூட்டிய பிறகே இருப்பைக் கழிக்கிறேன்.

ஓர் ஆர்டரில் பல லாட்டுகள் சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஒருவர் கறுப்புத் தோல் லாட்டைப் பூட்டிவிட்டுப் பழுப்புக்குக் காத்திருக்க, மற்றவர் பழுப்பைப் பூட்டிவிட்டுக் கறுப்புக்குக் காத்திருக்க, இருவரும் நகர முடியாத டெட்லாக் ஏற்பட்டு, இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) 1213 என்ற பிழையுடன் ஒரு டிரான்ஸாக்‌ஷனை ரத்து செய்துவிடுகிறது. இது காத்திருப்பு நேரம் முடிந்ததால் வரும் 1205 அல்ல என்பதைப் பிழைப் பதிவில் உறுதி செய்துகொண்டேன்.

எப்போதும் லாட் எண்ணின் ஏறுவரிசையில் பூட்டினால் பெரும்பகுதி தீரும் என்று கருதுகிறேன். லாட் எண்ணுக்கு இண்டெக்ஸ் (ரோவை நேரடியாகக் கண்டுபிடிக்க உதவும் சுட்டி) உள்ளது. அது இல்லாவிட்டால் தேடலில் கடக்கும் ரோக்கள் அனைத்தும் பூட்டப்பட்டுவிடும். அதன் பிறகும், பிழை வந்தால் முழு டிரான்ஸாக்‌ஷனையும் மீண்டும் ஓட்டும் ஏற்பாடு தேவையா? அல்லது முன்கூட்டிப் பூட்டுவதை விட்டுவிட்டு, இருப்பு போதுமானதாக இருந்தால் மட்டும் கழிக்கும் நிபந்தனையுடன் ஒவ்வொரு லாட்டுக்கும் ஓர் அப்டேட் எழுதி, எத்தனை ரோக்கள் மாறின என்று சரிபார்ப்பது மேலா? அப்போதும் ஒரு லாட் தவறினால் மற்றவற்றை ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) டிரான்ஸாக்‌ஷன் வேண்டியிருப்பதால், டெட்லாக் வாய்ப்பு நீங்காது என்றே தோன்றுகிறது. நடப்பில் உள்ள செயலிகளில் இதைக் கையாண்டவர்கள், எந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.