திருச்சி–பலாலி: இருபது நிமிஷமா, ஒரு மணி நேரமா?

குழு: கல்யாண வீடு

கலா சித்தி: டிக்கெட்டில் திருச்சி–யாழ்ப்பாணம் (பலாலி ஏர்போர்ட்) ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. கார்த்தி இருபது நிமிஷம்தான் என்கிறான். எதை நம்புவது?

கார்த்தி: மேப்பில் அளந்துவிட்டேன் சித்தி. நேர்கோட்டில் 185 கி.மீ. கூட வரவில்லை. ஏடிஆர் என்கிற இந்தச் சின்ன விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும். வகுத்துப் பாருங்கள், 22 நிமிஷம்.

சேகர் மாமா: வகுத்தது சரிதான் மாப்பிள்ளை. ஆனால் கிளம்பியதுமே 500-ல் பறக்காதே! டிக்கெட்டில் இருக்கிற நேரம், இங்கே விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கிற வரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, வேகம் குறைத்துச் சுற்றி இறங்குவது எல்லாம் அதில் சேர்ந்தது. இவ்வளவு கிட்டத்து ஊருக்கு ஏறி இறங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். சென்னை–பலாலி 350 கி.மீ. சொச்சம். தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் நேரம் அப்படிக் கூடுவதில்லை.

பிரியா: மாமா, கடல் தெரியுமா?

சேகர் மாமா: நேராகப் போனால் மல்லிப்பட்டினம் பக்கத்தில் கரை முடியும். அதற்கப்புறம் பாதி வழி பாக்கு நீரிணைதான்.

யாழ் பெரியம்மா: பலாலியில் இறங்கினால் டவுனுக்கு 16, 17 கிலோமீற்றர்தான் பிள்ளையள். அரை மணித்தியாலத்தில் வீட்டில நிப்பீங்கள். முந்தி கொழும்புக்கு வந்து, இரவிரவாய் பஸ்ஸில் 400 கிலோமீற்றர் வந்தது மறந்துபோச்சோ?

கலா சித்தி: அந்த பஸ்ஸை நினைத்தாலே முதுகு வலிக்கிறது அக்கா 😩 சரி, வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது?

சேகர் மாமா: பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும் வெளிநாட்டு விமானம். மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட்டில் இருங்கள். குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். இமிகிரேஷன், கஸ்டம்ஸ், இரண்டு பக்கத்துக் கார் எல்லாம் கூட்டினால் வாசலுக்கு வாசல் ஆறு மணி நேரம்.

கார்த்தி: ஆறா?! அதற்கு நாகப்பட்டினம் கப்பலிலேயே போகலாமே.

சேகர் மாமா: நாகைக்கு ரோட்டில் மூன்று மணி நேரம், யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை துறைமுகத்துக்குக் கடலில் நாலு. அங்கேயும் இமிகிரேஷன் உண்டு. காற்று மழை என்றால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு அந்த வம்பு எதற்கு? 2025 மார்ச் கடைசியில் இந்த விமானம் வந்ததே நமக்குப் பெரிய உபகாரம். அதுவரை பலாலிக்கு ஏற நாம் சென்னைக்கு அல்லவா போகவேண்டியிருந்தது.

பிரியா: வாட்ச்சை மாற்றி வைக்கணுமா?

யாழ் பெரியம்மா: தேவையில்லை அம்மா, ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான்.

கலா சித்தி: அக்கா, சேலைப் பெட்டியோடு சேர்த்து ஏழு பெட்டி வரும்.

யாழ் பெரியம்மா: ஏழோ! அப்ப பெரிய வானாய்ச் சொல்லிவிடுறன். நிறையை அங்கேயே நிறுத்துப்போட்டு வாங்கோ.