சன்ஷேடு வைத்தது பாவமா?

தண்டையார்பேட்டை பையன்:
ஆர்க்கிடெக்சர் நான்காம் வருஷம். வியாசர்பாடியில் குடியிருப்பு என்று ஒரு டிசைன். மேற்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடு வைத்திருந்தேன். டிசைனை மதிப்பிட ஜூரிக்கு வந்தவர், "சுத்தமான பெட்டியை ஏன் கெடுத்தாய்?" என்றார். வெயில் சார் என்றேன். சிரித்துக்கொண்டே மாடலில் ஒட்டியிருந்த அட்டையை விரலால் பிய்த்துப்போட்டார். அலங்காரம் குற்றம் என்று ஆஸ்திரிய ஆர்க்கிடெக்ட் அடால்ஃப் லூஸ் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் அது வேதவாக்கு. சன்ஷேடு அலங்காரமா? இது படிப்பா, மதமா?

பழைய டிராயிங்போர்டு:
ஒரு ஆள் செய்ததற்குப் படிப்பையே திட்டாதீர்கள், தம்பி. நவீன ஆர்க்கிடெக்சரின் பெரிய தலையான கார்புசியே ஆரம்பத்தில் வெள்ளைப் பெட்டிதான் கட்டினார். அப்புறம் அவரே வெயில் தடுப்புக்கு மாறினார், சண்டிகர் உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். சொன்னதைத் தானே திருத்துகிறவர் சாமியாரா?

தண்டையார்பேட்டை பையன்:
அவர் திருந்தினார், சீடர்கள் திருந்தவில்லையே! பாரிஸுக்குப் பக்கத்தில் 1931இல் முடித்த அவருடைய வில்லா சவோய் ஒழுகியது. வீட்டுக்காரம்மா மழை உள்ளே வருகிறது என்று கடிதம் எழுதி ஓய்ந்தார். வகுப்பில் அந்த வீட்டை எத்தனை முறை வரைந்திருப்போம், ஒழுகல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரில் பார்த்தவர்கள் காசிக்குப் போய்வந்த மாதிரி பேசுகிறார்கள். எங்கள் வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். அதை ஒரு தடவைகூட வரையச் சொன்னதில்லை.

காசிமேடு மேஸ்திரி மகன்:
எங்கப்பாவும் பக்தர்தான், வாஸ்து பக்தர். ஈசானிய மூலையில் கக்கூஸ் காட்டினால் பிளானை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் தளம் ஒழுகினால் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். தியரியை யார் போய்க் கேட்பது?

பழைய டிராயிங்போர்டு:
ஆக வாஸ்துவுக்கு மட்டும் விலக்கு! என்னிடம் படிக்கும் பிள்ளைகளை மே மாத மத்தியானத்தில், ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் உட்காரவைத்து அளவெடுக்கச் சொல்கிறேன். எல்லோரும் பூசாரி இல்லை. அது சரி, சன்ஷேடு எவ்வளவு நீட்டியிருந்தீர்கள்?

தண்டையார்பேட்டை பையன்:
இரண்டு அடி.

பழைய டிராயிங்போர்டு:
மேற்கில் சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக வரும். மேலே இரண்டு அடி போட்டாலும் கட்டில்வரை அடிக்கும். செங்குத்தாகத் தடுப்பு வைத்து, கொஞ்சம் திருப்பிவிட்டிருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை பையன்:
இதை அங்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த அட்டையை நானே பிய்த்திருப்பேன், சார்.