சிலிக்கோன் ஒப்பனையை நீக்கும் மைக்ரோஎமல்ஷன்: பால்போலக் கலங்குவது ஏன்?

கேள்வி:
வணக்கம். நீண்ட நேரம் அழியாத உதட்டுச் சாயத்தை நீக்குவதற்குத் தெளிந்த கிளென்சர் ஒன்றை, அதாவது எண்ணெயும் நீரும் மிக நுண்ணிதாகக் கலந்து தெளிவாக நிற்கும் மைக்ரோஎமல்ஷனை, உருவாக்க முயன்றுவருகிறேன். சூரியகாந்தி எண்ணெய் 15 சதவீதம், டெசில் குளுக்கோசைடு (எண்ணெயையும் நீரையும் இணைக்கும் சர்ஃபாக்டன்ட்), கிளிசரின், நீர் ஆகியவற்றைக் கலந்தேன். கலவை பால்போலக் கலங்குகிறது. கையில் பூசிப் பார்த்த சாயமும் அசையவில்லை. சர்ஃபாக்டன்டின் அளவைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
வணக்கம். கூட்டினால் தோல்தான் வறளும். பிழை எண்ணெயில் இருக்கிறது. இத்தகைய சாயங்கள் பலவற்றில் ஐசோடோடெக்கேன் என்னும் கரைப்பான் ஆவியானபின் டிரைமெத்தில்சிலாக்சிசிலிகேட் என்னும் சிலிக்கோன் பிசின் உதட்டில் படலமாக எஞ்சும். தாவர எண்ணெயின் முக்கியக் கூறான டிரைகிளிசரைடு கொழுப்புகள் அதை நன்கு கரைப்பதில்லை. அவற்றின் மூலக்கூறுகள் பெரியவை என்பதால் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே நிற்கும் சர்ஃபாக்டன்ட் அடுக்கினுள் புகவும் தயங்குகின்றன, கலக்கத்துக்கும் அதுவே முக்கியக் காரணம். ஐசோஹெக்சாடெக்கேன், டைகேப்ரிலைல் ஈதர் போன்ற இலகுவான எண்ணெய்களை முதலில் தனித்தனியே சோதியுங்கள்: கண்ணாடித் தகட்டில் சாயத்தைப் பூசி முழுவதும் உலரவிட்டு, ஒவ்வோர் எண்ணெயிலும் ஒரு துளி வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் எது கரைக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். சைக்ளோபென்டாசிலாக்சேன் என்னும் ஆவியாகும் சிலிக்கோனும் நன்றாகக் கரைக்கும்; ஆனால் கழுவி நீக்கும் பொருள்களில் அது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2020 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது. நீரில் நெடுங்காலம் நீடிக்கும் பொருள் அது என்பதால், விதி இல்லாத நாட்டிலும் நான் அதைச் சேர்க்கமாட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஐசோஹெக்சாடெக்கேன் சாயத்தை உடனே கரைத்துவிட்டது. ஆனால் குளுக்கோசைடு மட்டும் சேர்த்தால் எண்ணெய் மேலே பிரிகிறது. எத்தாக்சிலேட் என்னும் வேறொரு சர்ஃபாக்டன்ட் வகையைச் சேர்த்தபோது தெளிந்தது. வெயில் நேரத்தில் மீண்டும் கலங்கியது.

பதில் 2:
எத்தாக்சிலேட்டுகளின் இயல்பே அது. வெப்பம் ஏற ஏற அவற்றின் மூலக்கூறில் நீரை நாடும் தலைப்பகுதி நீரை இழந்து, எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும். குளுக்கோசைடு வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் நீரை மிகுதியாக நாடுவதால் தனித்து நின்றால் போதாது. கிளிசரில் ஓலியேட்டைத் துணையாகச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் எண்ணெயும் நீரும் இரண்டுமே தொடர்ச்சியாகப் பின்னிக் கிடக்கும் நிலை கிட்டும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இடைப்பரப்பு இழுவிசை மிகத் தாழ்ந்துவிடும் அந்நிலையில் கலவை படலத்தினுள் தானாகவே பரவும், பிறகு நீர் ஊற்றினால் பாலாக மாறிச் சாயத்தோடு கழன்று போகும். மாதிரிகளை 5, 25, 45 டிகிரியில் சில வாரங்கள் வைத்துத் தெளிவைக் கவனியுங்கள். நீர் உள்ள கலவை என்பதால் கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருளை மறக்காதீர்கள். ஐசோடோடெக்கேனையும் முயல்வதாக இருந்தால் அது எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே சூடாக்க வேண்டாம்.