நூல் உருண்டை முயல் உதிர்ந்து கொட்டுது, எங்க பிழை விடுறேன்?

நானுஓயா அம்மா:
வணக்கம். டிசம்பர் லீவு விட்டு ரெண்டு கிழமை ஆச்சு. இங்க விடிஞ்சு எட்டு மணி வரைக்கும் மூடுபனி, பின்னேரம் மூணு மணிக்குத் திரும்பவும் இறங்கிரும். பிள்ளைகள வெளிய விட ஏலாது. மகளுக்கு 8, சின்னவனுக்கு 4. வீட்டுக்குள்ள ஒரே ரிமோட் சண்டை. சரி, கம்பளி நூல்ல மிருகம் செய்யலாம்னு நுவரெலியா டவுன்ல வெள்ளையும் மஞ்சளுமா ரெண்டு பந்து வாங்கிட்டு வந்தேன்.

அட்டையில ரெண்டு வட்டம் வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, நூலைச் சுத்தி, ஓரத்தை வெட்டி, ரெண்டு அட்டைக்கும் நடுவுல கட்டுறது. அதுவரைக்கும் நல்லாத்தான் வருது. அட்டையை உருவினதும் நூல் நூலா உதிருது. மகள் முயல்னு வச்சு விளையாடினா, பொழுது சாயுறதுக்குள்ள முயலுக்கு வழுக்கை. காதைக் கம் வச்சு ஒட்டினேன், மறுநாள் காலையிலயும் காயாம பிசுபிசுன்னு கிடக்கு. சின்னவன் தனக்கு ஒண்ணும் தரலன்னு அழுறான். யாராவது சொல்லுங்க.

ஹட்டன் டீச்சர்:
தங்கச்சி, எதால கட்டினீங்க? அதே கம்பளி நூலாலயா? அப்படின்னா அதுதான் பிழை. அது இழுத்தா நீளும், முடிச்சு இறுகாது. பட்டம் விடுற நூல் இருந்தா எடுங்க. இல்லன்னா தைக்கிற நூலை நாலா மடிச்சுக்கங்க. முதல் முடிச்சுல ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்துப் போட்டு இழுங்க, கையை விட்டாலும் நழுவாது. அதுக்கு மேல சாதா முடிச்சு ஒண்ணு. அட்டையை உருவுறதுக்கு முன்னாலயே கட்டணும். சுத்துறதும் நடு ஓட்டை கிட்டத்தட்ட அடையுற வரைக்கும் சுத்தணும். நூல் குறைஞ்சா எந்த முடிச்சும் பிடிக்காது.

கம்மை விட்டுருங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அது ஆகாது. கட்டின நூலோட வாலை வெட்டாம ஒரு சாண் விடுங்க. தலை உருண்டையோட வாலையும் உடம்பு உருண்டையோட வாலையும் சேர்த்துக் கட்டினா கழுத்து தானா வந்துரும். காது, வால் எல்லாத்தையும் சடைக்குஞ்சம் மாதிரி சின்னதாக் கட்டி ஊசியால கோத்துருங்க.

சின்ன உருண்டைக்கு அட்டையும் வேணாம். மூணு விரல்ல ஒரு அம்பது சுத்து, உருவி நடுவுல கட்டி, ரெண்டு பக்கமும் வெட்டினாப் போதும்.

பண்டாரவளை அம்மாயி:
நூலுக்கு எதுக்கு மகள் காசு? பழைய ஸ்வெட்டர் இல்லாத வீடு மலையில இருக்கா? முதல்ல பக்கத் தையலைப் பாரு. ஓரம் வெட்டி ஓவர்லொக் அடிச்சிருந்தா நூல் துண்டு துண்டாத்தான் வரும். அதுவும் உருண்டைக்குப் போதும். கையால பின்னினதுன்னா மேலயிருந்து இழு, முழுசா வரும். சுருண்டு நூடுல்ஸ் மாதிரி இருக்கும், பயப்படாத. கதிரை முதுகுல சுத்தி, நாலு இடத்துல தளர்வாக் கட்டி, வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு, அடியில ஏதாவது பாரம் தொங்கவிட்டுக் காயப்போடு. நேராயிரும். நான் என் வீட்டுக்காரரோட பச்சை ஸ்வெட்டரைப் பிரிச்சுப் பேத்திக்குக் கிளி செஞ்சு குடுத்தேன். அவர் இன்னும் அதைத் தேடிக்கிட்டு இருக்கார்.

நானுஓயா அம்மா:
டீச்சர், பட்டம் விடுற நூல்ல கட்டினேன், அசையல! உருண்டையைச் சுவர்ல எறிஞ்சு பார்த்தும் ஒரு இழை உதிரல.

ஆனா விரல்ல சுத்துறதைச் சின்னவன் பார்த்துட்டான். நான் அடுப்படிக்குப் போய் வர்றதுக்குள்ள ஆள்காட்டி விரல்ல இறுக்கிச் சுத்தி, நுனி ஊதா நிறமாகிருச்சு. உடனே வெட்டி எடுத்துட்டேன், நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான் கை நடுங்குது.

ஹட்டன் டீச்சர்:
பெரியவங்க விரலை நினைச்சுச் சொல்லிட்டேன், என் பிழைதான். நாலு வயசுக்குச் சுத்த அட்டை குடுங்க. பிஸ்கட் பெட்டியில ஆட்டு உடம்பு வெட்டி, ஓரத்துல சின்னச் சின்ன வெட்டுப் போடுங்க, அதுல நூல் வழுக்காது. எப்படிச் சுத்தினாலும் அது ஆடுதான், கோணல் மாணலா இருந்தா இன்னும் அழகு. உடுப்புக் காயப்போடுற கிளிப் ரெண்டு மாட்டினாக் கால். கண்ணுக்குப் பொத்தான் வேணாம், அந்த வயசுல வாயில போடும். கறுப்பு நூல்ல முடிச்சுப் போட்டுக் கோத்துருங்க.

நானுஓயா அம்மா:
ஆட்டைச் சுத்தி முடிச்சுட்டு, அடுத்தது சிறுத்தை வேணுமாம். பக்கத்துத் தோட்டத்துல நாயைத் தூக்கிட்டுப் போச்சுன்னு பேசினதைக் கேட்டிருக்கான். மகளுக்கு மரை, அந்தப் பெரிய மான். ஹோர்டன் சமவெளியில வேன் பக்கத்துல நின்ன மரையை அவ மறக்கவே இல்ல. புள்ளி எப்படி வரும்? கொம்பு எதால செய்றது?

ஹட்டன் டீச்சர்:
புள்ளிக்கு மஞ்சள் ஒரு படை சுத்துங்க, அதுக்கு மேல ஒரே இடத்துல கறுப்பு ஏழெட்டுச் சுத்து, கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. அதை மூடி மறுபடி மஞ்சள். வெட்டினதும் கறுப்பு திட்டுத் திட்டா வெளிய வரும். எங்க வரும்னு வெட்டுற வரைக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை. நூல் படிஞ்சு கிடந்தா கேத்தல் ஆவியில நீங்க ஒரு நிமிஷம் தூரப் பிடிச்சுக் காட்டுங்க, பூத்துரும்.

பண்டாரவளை அம்மாயி:
கொம்புக்கு நூல் எதுக்கு? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மலையில போய்க் காய்ஞ்ச தேயிலைக் குச்சி பொறுக்கு. மரைக்கொம்பு பக்கத்துக்கு மூணு கிளை, அதே மாதிரி கவைக்குச்சி எத்தனையோ கிடக்கும். பெண் மரைக்குக் கொம்பு கிடையாதுன்னு உன் மகளுக்கு முதல்லயே சொல்லி வை, எனக்கு அதுல ஒரு வம்பு வந்துச்சு.

நானுஓயா அம்மா:
சொன்னேன் அம்மாயி. பெண் மரைதான் வேணுமாம், ஆனா கொம்பும் வேணுமாம். குச்சி பொறுக்கியாச்சு.