மைல்ஸ் மாலிசனை எந்தெந்தப் படத்தில் சந்திக்கலாம்

மைல்ஸ் மாலிசன் பழைய பிரிட்டிஷ் படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோன நடிகர், எழுத்தாளரும்கூட. முதல் சந்திப்புக்கு ஈலிங் ஸ்டுடியோவின் 'டெட் ஆஃப் நைட்' (1945) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கூடியவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லும் பேய்க்கதைகள் சேர்ந்த படம். மாலிசன் வருவது பேசில் டியர்டன் இயக்கிய முதல் கதையில். விபத்தில் அடிபட்ட கார் பந்தய வீரர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கடிகாரத்தில் இரவு 9.45. திரும்பிப் பார்த்தால் 4.15. ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே பட்டப்பகல், கீழே குதிரை பூட்டிய சவ வண்டி. வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "உள்ளே ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு, சார்" என்கிறார். அவர்தான் மாலிசன். குணமாகி வெளியே வரும் வீரர் பஸ் ஏறப் போகும்போது கண்டக்டராகவும் அதே முகம், அதே வசனம். அவர் ஏறவில்லை, பஸ் கவிழ்கிறது.

அந்தக் குரலைக் கவனியுங்கள். பயமுறுத்த முயற்சியே இருக்காது. ஒரு நல்ல கண்டக்டர் பயணியிடம் பேசும் அதே தன்மை. அந்தச் சாதாரணம்தான் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது.

வாங்கும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள். முழுப் படம் நூறு நிமிடத்துக்கு மேல். அமெரிக்க வெளியீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் கோல்ஃப் கதையையும் வெட்டிவிட்டார்கள். சவ வண்டிக் கதை தப்பித்தது. ஆனால் அந்த இரண்டு கதைகளின் ஆட்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஏன் வந்தார்கள் என்றே புரியாது.

*

மேலே சொன்னது சரியான தொடக்கம். அடுத்தது 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' (1949). இதில் அலெக் கின்னஸின் எட்டு வேடங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். படத்தைத் திறந்துவைப்பது மாலிசன். மறுநாள் காலை ஒரு பிரபுவைத் தூக்கிலிட வேண்டிய ஆளாகச் சிறைக்குள் நுழைகிறார். அவருடைய கவலையெல்லாம் கைதியை எந்த மரியாதைச் சொல்லால் அழைப்பது என்பதுதான். பிரபுக்களுக்குப் பட்டுக் கயிறு. அதைப் பயன்படுத்திய கை இனி சணல் கயிற்றைத் தொடாது, இதோடு ஓய்வு என்று முடிவெடுத்திருக்கிறார். தொழிலின் உச்சத்தைத் தொட்ட கைவினைஞரின் பெருமிதம் அது. குரூரம் துளிகூட இல்லை. இன்னொரு நடிகர் இதை இருட்டாகச் செய்திருப்பார். செய்திருந்தால் அதற்குப் பிறகு வரும் நகைச்சுவை எதுவும் எடுபட்டிருக்காது.

இதற்கும் ஓர் அமெரிக்கப் பிரதி உண்டு. கொலைகாரன் தப்பக் கூடாது என்ற அங்கத்திய தணிக்கை விதிக்காக, அந்தப் பிரபு தன் கொலைகளை எழுதிவைத்துச் சிறையில் மறந்துவிட்ட நினைவுக்குறிப்பு அதிகாரிகள் கையில் கிடைப்பதைக் கடைசியில் ஒட்டியிருப்பார்கள். பிரிட்டிஷ் பிரதி, அது மேஜைமேல் கிடப்பதோடு நின்றுவிடும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

*

இவர் எழுத்தாளர் என்பதை மறந்தால் பாதி மாலிசன் போய்விடுவார். 'தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்தின் திரைக்கதையும் வசனமும் அவருடையவை. மைசூர் யானைப்பாகன் மகன் சாபு நடித்த படம் என்று நம்மில் பலருக்குத் தெரியும். இங்கிலாந்தில் டென்ஹாம் ஸ்டுடியோவில் தொடங்கி, போர் வந்ததால் ஹாலிவுட்டில் முடித்தார்கள். அதில் பஸ்ராவின் சுல்தான் மாலிசனே. தலைப்பாகையிலும் தாடியிலும் முகம் ஒளிந்திருந்தாலும், மெல்லிய, சற்றே உயர்ந்த குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

சுல்தானுக்கு விசை பொம்மைகள் என்றால் உயிர். கான்ராட் ஃபைட் நடித்த ஜாஃபர் பறக்கும் குதிரை ஒன்றைக் கொண்டுவருகிறான். விலை சுல்தானின் மகள். ஒரு முறை வானத்தில் சுற்றி வந்ததும் சுல்தான் மசிந்துவிடுகிறார். பிறகு ஆறு கைகள் கொண்ட வெள்ளிப் பெண் பொம்மை வருகிறது. அது அணைக்கும்போது முதுகில் கத்தி இறங்குகிறது. புதுப் பொம்மையைப் பார்த்த குழந்தையின் சந்தோஷம் அந்த முகத்தில் இருப்பதால்தான் அந்தச் சாவு மனதைப் பிசைகிறது. எந்த ஆசை இந்த மனிதரை விழுத்தும் என்பதை எழுதியவரே நடித்திருக்கிறார்.

இந்த எழுத்து விளையாட்டாக வந்ததல்ல. 1914-ல் பட்டாளத்தில் சேர்ந்து மால்டாவுக்குப் போனவர், உடல்நலம் கெட்டு 1915 தொடக்கத்திலேயே விடுவிக்கப்பட்டார். அதன்பின் போரை எதிர்த்து எழுதிய இரண்டு நாடகங்களின் பிரதிகளை 1916-ல் போலீஸ் பறிமுதல் செய்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரை ஆங்கில மேடைக்கு ஏற்றபடி எழுதித் தந்ததும் இவர்தான்.

*

பேய்ப்பட ரசிகர்களுக்கு: ஹாமர் நிறுவனத்தின் 'டிராகுலா'வில் (1958) பிணப்பெட்டிக் கடைக்காரர். 'ஹவுண்ட் ஆஃப் பாஸ்கர்வில்ஸ்' (1959) படத்தில் பூச்சிகள் சேகரிக்கும் பிஷப் ஃபிராங்க்லண்ட். ஷெர்ரி என்றால் விடமாட்டார், அவரிடமிருந்த டாரன்டுலா சிலந்தி ஒன்று காணாமல் போயிருக்கும். மூலநாவலில் இந்த ஃபிராங்க்லண்ட் வழக்குப் பைத்தியம், படத்துக்காக மாற்றியிருக்கிறார்கள். 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் (1960) டாக்டர். மூன்றுக்கும் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர்.

ஆனால் அதே 1960-ல் வந்த 'பீப்பிங் டாம்'தான் என் தேர்வு. பாக்தாத் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான மைக்கேல் பவல் இருபது வருடம் கழித்து இவரை அழைக்கிறார். பத்திரிகைக் கடைக்கு ஒரு கண்ணியமான முதியவர் வருகிறார். டைம்ஸ், டெலிகிராஃப் கேட்கிறார். பிறகு தயங்கித் தயங்கி 'படங்கள்' பற்றி விசாரிக்கிறார். நிர்வாணப் படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் சாக்லெட் வாங்க ஒரு சிறுமி உள்ளே வர, மனிதர் வெலவெலத்துப்போகிறார். வாங்கியது 'கல்விப் புத்தகங்கள்' என்று எழுதிய உறையில் போகிறது. கேட்டு வாங்க வந்த பேப்பர்களைக் கடையிலேயே விட்டுவிடுகிறார். தான் கொல்வதைத் தானே படம்பிடிக்கும் ஒருவனின் கதை இது, படத்தின் கருவே பார்வையின் குற்றம். அதைக் கொலைகாரனுக்கு வெளியே, மரியாதைப்பட்ட உலகத்தில் காட்டுவது இந்தச் சில நிமிடங்கள்தான்.

*

பெரிய வேடத்தில் பார்க்க விரும்பினால் 'இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' (1952). பாதிரியார் சாசுபிள். மார்கரெட் ரதர்ஃபோர்டுடன் அவர் பேசும் காட்சிகளில் உள்வாங்கிய மோவாய், கூரான மூக்கு, அலைபாயும் கண் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் தெரியும். இதைப் பார்த்துவிட்டால் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். 'ஸ்டேஜ் ஃபிரைட்'டில் (1950) மதுக்கடையில் ஜேன் வைமனிடம் வலிய வந்து பேசுகிறவரும் இவர்தான்.

கடைசிப் படங்களில் ஒன்று 'ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்' (1964). நிலவில் கிடைத்த ஒரு பழைய பத்திரத்தில் இருந்த பெயரைத் தேடி இங்கிலாந்தின் டிம்சர்ச் பதிவு அலுவலகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். அங்கே பதிவாளர் மாலிசன். அடுத்த சில ஆண்டுகளில் பார்வை மங்கி நடிப்பு நின்றது. 1969 மார்ச்சில், கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின், லண்டனில் காலமானார்.