பக்கவாதம் என்றால் கடலூரிலிருந்து உடனே எங்கே ஓடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் காலையில் அப்பா காபி டம்ளரை எடுத்தார், வலது கையிலிருந்து அப்படியே நழுவியது. குனிந்து துடைக்கப் போனவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என் பெயரைக் கூடச் சொல்ல வரவில்லை. "பித்தமா இருக்கும்"னு அம்மா எலுமிச்சைச் சாறு கொடுக்கப் போனார். நல்லவேளை, கொடுக்கவில்லை, அந்த நேரத்தில் விழுங்க முடியாமல் புரையேறிவிடுமாம்.

பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதால் மறுநாள்தான் டாக்டரிடம் போனோம். இது பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று தெரிந்தாலே 108ஐக் கூப்பிட வேண்டுமாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துவைக்கச் சொன்னார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும்.

இப்போது ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நள்ளிரவிலும் ஸ்கேனும் இந்த ஊசியும் கிடைக்கிற ஆஸ்பத்திரி கடலூரில் எது? இல்லை, நேராகப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா? நம்ம பக்கத்து 108 வண்டி புதுச்சேரி எல்லை தாண்டி வருமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கிறேன்.